நாகம்மாள் வீட்டில் நான் மாற்றிய முடிவு

செஞ்சி
ஞாயிறு மதியம்

கர்த்தருக்குள் பிரியமான மகள் கலைமதிக்கு நைனா எழுதுவது. நானும் உன் அம்மாவும் தேவ கிருபையால் சௌக்கியம், நாக்பூரில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபித்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் கடிதம். நல்ல மழை, கோட்டை மலையெல்லாம் பச்சை பிடித்திருக்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஆனால் ஒப்புக்கொள்ள மாட்டாள், ஒப்புக்கொண்டால் தண்ணீர்க் குடத்தை அவளே தூக்க வேண்டி வரும்.

உன் கதையைப் பற்றிக் கேட்டிருந்தாய். புருஷன் பிழைக்க ஒரு பெண் ஜெபிக்கிறாள், அவன் செத்துப்போகிறான், அடுத்த ஞாயிறு அவள் கோயிலுக்குப் போய், ஆண்கள் பக்கம் அவன் உட்காரும் ஜன்னலோரத்தைப் பார்க்காமலே பாட்டுப் பாடுகிறாள். அவன் சுகமானதாக மாற்றினால் போடுகிறோம் என்று பத்திரிகைக்காரர் சொல்கிறார், அச்சில் வரப்போகிற முதல் கதை வேறு இது, மாற்றட்டுமா என்று கேட்டாய். பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம், நான் ஒரு தப்புப் பண்ணிவிட்டேன் கண்ணு.

போன மாதம் வீட்டு ஜெபக்கூட்டம் நாகம்மாள் வீட்டு முறை. சித்திரையில் அவள் புருஷன் ராஜாராம் கிட்னி கெட்டு இறந்தது உனக்குத் தெரியும், நாங்கள் எல்லாரும் முறைபோட்டு உபவாசம் இருந்து ஜெபித்தோம். சாட்சி சொல்லும் நேரத்தில், மகள் எழுதியது என்கிற பெருமையில், உன் கதையை வாசித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் தயங்கினேன். நம் கூட்டத்தில் சாட்சி என்றால் சுகமானதாகத்தானே முடியும், எனக்கு நெஞ்சுவலி வந்து பிழைத்ததைப் பத்து வருஷமாக நானே அப்படித்தானே சொல்கிறேன். அவன் எழுந்து நடந்தான் என்று வாயில் வந்ததை வாசித்துவிட்டேன். எல்லாரும் அல்லேலூயா சொன்னார்கள். நாகம்மாள் மட்டும் டீ வைக்கிறேன் என்று உள்ளே போனவள் கூட்டம் முடிகிறவரை வரவில்லை. திரும்பும் வழியில் உன் அம்மா, ஏங்க, அப்ப நாகம்மா ஜெபம் மட்டும் பத்தலன்னு ஆயிடுச்சா என்று கேட்டாள். அடுத்த இரண்டு ஞாயிறும் நாகம்மாள் கோயிலுக்கு வரவில்லை.

பிறகு அம்மாவையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போய், மாற்றி வாசித்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டு, நீ எழுதிய முடிவை எழுதியபடியே வாசித்தேன். நானும் அந்தப் பக்கம் திரும்பறதே இல்லீங்க, உங்க பொண்ணுக்கு எப்டித் தெரிஞ்சுது என்று கேட்டவள் வெகுநேரம் அழுதாள். இன்று காலை கோயிலுக்கு வந்தாள். பாட்டுக்கு நடுவில் ஒருமுறை ஆண்கள் பக்கம் திரும்பிப் பார்த்தாள், நான் கவனித்தேன்.

நான் பிழைத்தேன், ராஜாராம் பிழைக்கவில்லை, இரண்டு பேருக்கும் நாங்கள் செய்தது ஒரே ஜெபம்தான். இதை எனக்குச் சொல்லத் தெரியவில்லை, உனக்குத் தெரிந்திருக்கிறது, அதற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பத்திரிகையில் வராவிட்டால் போகட்டும். இரண்டாம் பக்கத்தில் மட்டும் மூன்று வேத வசனம் போட்டிருக்கிறாய், ஒன்று போதும், பிரசங்கம் மாதிரி இருக்கிறது. எழுத உட்காரும் முன் ஜெபி, எழுதியதைப் பத்து நாள் கழித்துத் திரும்பப் படி, நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னையும் மாப்பிள்ளையையும் கர்த்தர் தம் சிறகின் கீழ் வைத்துக் காப்பாராக. மறக்குமுன் ஒன்று, கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பச் சொன்னாய். அது நாகம்மாளின் பைபிளுக்குள் இருக்கிறது, என்னால் கேட்டு வாங்க முடியாது. நீ வேறு பிரதி எழுதிக்கொள், முடிவு மட்டும் அதுவாகவே இருக்கட்டும்.

உன் நைனா,
செந்தமிழன்