குடியிருப்பவர் இல்லை

திண்டிவனம்
4.6.2025

அன்புள்ள கலைக்கு,

இங்கே நான் நலம். நீயும் அக்கா வீட்டில் எல்லோரும் சுகம்தானே? போனில் பேசினால் மூன்றாவது நிமிடத்தில் சண்டை வருகிறது, வாட்ஸ்அப்பில் நான் டைப் செய்வது மட்டும் தெரிகிறது, செய்தி வருவதில்லை, அதைப் பார்த்துக்கொண்டு உட்கார உன்னால் முடியாது, எதுவானாலும் கடிதம் எழுதுங்கள் என்று போகும்போது சொன்னாய். ஐந்து மாதமாக எழுதவில்லை. இப்போதும் ஆபீஸ் வேலைக்காகத்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

பெருமுக்கல் பூமாலை அம்மாவை நினைவிருக்கும். புயல் மழையில் பின்சுவரும் கூரையும் போய், தார்ப்பாய் கட்டிக்கொண்டு இருப்பவர். நம் டிரஸ்ட் பழுதுபார்க்கும் வீடுகளின் பட்டியலில் அவருடையது 118. நேற்று நீ செய்துகொடுத்த சாஃப்ட்வேரில் பார்க்கிறேன், 118 மூடிக் கிடக்கிறது. நாங்கள் யாரும் மூடவில்லை. மூடியவர் என்ற இடத்தில் ‘தானாக’ என்றும், காரணம் என்ற இடத்தில் ‘குடியிருப்பவர் இல்லை’ என்றும் இருக்கிறது.

அவர் எங்கும் குடி போகவில்லை. கணவருக்குக் காலில் ஆபரேஷன் என்று புதுச்சேரி ஆஸ்பத்திரியில் நாற்பது நாள் இருந்திருக்கிறார். போன் அங்கே தொலைந்துவிட்டது. நாங்கள் மூன்று தடவை கூப்பிட்டுவிட்டு விட்டுவிட்டோம். நேற்று ஆபீஸுக்கே வந்து, “நான் இன்னா சார் பண்ணுவேன், அவர வெச்சிக்கினு அங்கியே கெடந்தேன். ஊட்ட மூடிட்டீங்களாமே” என்று கேட்டார்.

மூடிய வேலைக்குச் சிமெண்டும் கூரை ஷீட்டும் வராது. ஜூன் 30-க்குள் திறக்காவிட்டால் பெயரே அழிந்துவிடும். திரையில் திறப்பதற்குப் பொத்தான் எதுவும் இல்லை. மேனேஜர் தேவநாதன் சார், “கலைப்பிரியா ஏதோ ஒரு ஃபைல்ல எழுதி வெச்சிட்டுப் போயிருக்கு. அதத் தொட்டா பேஜாரு அன்பு” என்கிறார். எப்படித் தொடுவது என்று நீதான் சொல்ல வேண்டும்.

சமையலறைச் சுவர் இன்னும் ஈரமாகத்தான் இருக்கிறது.

உன்
அன்புச்செல்வன்


விழுப்புரம்
8.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதம் கிடைத்தது. ஐந்து மாதம் கழித்து வந்த கடிதத்தில் எனக்கு இரண்டு வரி, சாஃப்ட்வேருக்கு இரண்டு பக்கம். பரவாயில்லை, சுவருக்கும் ஒரு வரி கிடைத்திருக்கிறது.

பொத்தான் வைத்தால் ஆளாளுக்கு அழுத்திப் பார்ப்பீர்கள் என்றுதான் எல்லாவற்றையும் ஒரே செட்டிங்ஸ் ஃபைலில் எழுதி வைத்தேன். நீங்கள் படிக்கட்டும் என்று தமிழிலேயே எழுதினேன். திறந்து பாருங்கள். ‘மூடும் நாள்: 30’ என்று ஒரு வரி இருக்கும். முப்பது நாள் ஒரு வேலையில் யாரும் ஒரு குறிப்பும் எழுதாவிட்டால் அது தானாக மூடிக்கொள்ளும். அந்த முப்பது யார் சொன்னது, தெரியுமா? டிசம்பர் மீட்டிங்கில் நீங்கள். “பதில் வராததை எத்தனை நாள்தான் தொறந்து வெச்சிக்கினு இருக்கறது” என்றீர்கள். நான் அறுபது வைக்கலாம் என்றேன். யாரும் கேட்கவில்லை.

இப்போது செய்ய வேண்டியது. முதலில் அந்த ஃபைலை அப்படியே ஒரு காப்பி எடுத்து வேறு பெயரில் வையுங்கள். பிறகு கடைசியில் இப்படி எழுதுங்கள்:

மீண்டும் திற:
  - 118

இரண்டாவது வரி இரண்டு இடம் உள்ளே தள்ளித் தொடங்க வேண்டும். ஸ்பேஸ் பொத்தானை இரண்டு தடவை அழுத்துங்கள். பக்கத்தில் இருக்கும் டேப் பொத்தானைத் தொடவே கூடாது. சேமித்துவிட்டு சாஃப்ட்வேரை நிறுத்தி மறுபடி ஓட்டுங்கள். 118 திறக்கும், பூமாலை அம்மாவின் எண்ணுக்குத் தானாக மெசேஜ் போகும். அவருடைய புது நம்பரை மாற்றிவிட்டீர்களா?

கோபித்துக்கொள்ளாதே என்று எழுதியிருக்கிறீர்கள். அக்டோபரில் நமக்குக் குழந்தை தங்காமல் போனது. புயல் வரும்வரை ஒன்றரை மாதம் நீங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. புயலுக்குப் பிறகு ஊரில் இடிந்த வீட்டையெல்லாம் பார்க்கப் போய்விட்டீர்கள். கோபம் இல்லை மாமா. கோபமாக இருந்திருந்தால் அங்கேயே இருந்து சண்டை போட்டிருப்பேன்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள்.

கலை


திண்டிவனம்
19.6.2025

அன்புள்ள கலைக்கு,

பெரிய தப்பு நடந்துவிட்டது. எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை.

உன் கடிதத்தைக் கம்ப்யூட்டருக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்தேன். காப்பி எடுத்தேன். இரண்டு வரியும் அடித்தேன். உன் எழுத்தில் இரண்டு இடம் என்பது கொஞ்சம் அகலமாகத் தெரிந்தது. டேப்பை அழுத்தினால் சரியாக அதே அளவு வந்தது, அழகாக இருந்தது. நீ தொடாதே என்று சொன்னது அதற்கப்புறம்தான் ஞாபகம் வந்தது. சாஃப்ட்வேர் ஓடவில்லை. திரை வெள்ளையாக நின்றுவிட்டது. தப்பாக அடித்தது 118 வரிதானே என்று அதை மட்டும் அழித்துவிட்டு ஓட்டினேன். ஓடியது. மேலே ‘மீண்டும் திற’ என்ற தலைப்பு மட்டும் தனியாக நின்றதை நான் யோசிக்கவில்லை.

இது பதினேழாம் தேதி சாயங்காலம். தானாக மூடிய இருநூற்றுப் பன்னிரண்டு வேலையும் ஒரே நேரத்தில் திறந்துகொண்டன. அத்தனை பேருக்கும் ‘உங்கள் வீட்டு வேலை மீண்டும் தொடங்குகிறது’ என்று மெசேஜ் போய்விட்டது. கண்டாச்சிபுரம் பக்கமிருந்தெல்லாம் நேற்று காலையிலேயே வந்துவிட்டார்கள். அமாவாசைக்கு மேல்மலையனூர் கோயிலில் நிற்கிற மாதிரி கூட்டம். எல்லோர் கையிலும் போன். ஒருவர் கூரையின் பழைய ஓடுகளையெல்லாம் இறக்கிப் போட்டுவிட்டு வந்திருக்கிறார். “மெசேஜ் வந்துச்சே சார்” என்கிறார்கள். வந்தது உண்மை. நான் வாசலில் நின்று கைகூப்பிக்கொண்டே இருந்தேன். வேறென்ன செய்ய?

பூமாலை அம்மாவும் வந்திருந்தார். புது நம்பரை மாற்ற நான் மறந்துவிட்டேன். மெசேஜ் அவருக்கு மட்டும் வரவில்லை. வெளியே நின்றவர்கள் சொல்லித்தான் தெரிந்ததாம். “எனக்கு மட்டும் இல்லியா சார்” என்றார்.

நாளைக்குத் தேவநாதன் சார் ஏதோ முடிவெடுக்கப் போகிறாராம். சீக்கிரம் எழுது.

அன்புச்செல்வன்


விழுப்புரம்
22.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தப்பில் பாதி என்னுடையது. தலைப்பின் கீழ் காலியாக இருந்தால் எல்லாவற்றையும் திற என்று பொருள் கொள்ளும்படி எழுதியது நான்தான். யாராவது காலியாக விடுவார்கள் என்று நினைக்கவில்லை. தேவநாதன் சாரிடம் அதைச் சொல்லுங்கள். முதலில் எடுத்த காப்பியைத் திரும்பப் போட்டால் எல்லாம் பழையபடி ஆகும். பிறகு 118-ஐ மட்டும் சேருங்கள். டேப் வேண்டாம். எண்ணிக்கொண்டே இரண்டு ஸ்பேஸ்.

இனிமேல் சொல்லப்போவது சாஃப்ட்வேர் பற்றியது இல்லை.

அந்த மெசேஜ் எனக்கும் வந்தது.

டிசம்பரில் இதைச் செய்தபோது சரியாக ஓடுகிறதா என்று பார்க்க ஒரு வேலையை நானே பதிவு செய்தேன். பணி எண் 1. ‘திண்டிவனம், நம் வீடு, சமையலறைச் சுவர் ஒழுகுகிறது. பொறுப்பு: அன்புச்செல்வன்.’ விளையாட்டுக்குத்தான். தினமும் பட்டியலின் தலையில் அதுதான் உங்கள் கண்ணில் பட்டிருக்கும். நீங்கள் ஒரு குறிப்பும் எழுதவில்லை. முப்பதாம் நாள் அது தானாக மூடிக்கொண்டு, குடியிருப்பவர் இல்லை என்று எனக்கு மெசேஜ் அனுப்பியது. அடுத்த வாரம் பொங்கல் கழித்து நான் பஸ் ஏறினேன்.

பதினேழாம் தேதி சாயங்காலம் அக்கா வீட்டில் கேப்பை மாவு சலித்துக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கேட்டது. ‘உங்கள் வீட்டு வேலை மீண்டும் தொடங்குகிறது. பொறுப்பு: அன்புச்செல்வன்.’ கையில் மாவோடு நாலு தடவை படித்தேன். வாயால் சொல்லத் தெரியாத மனுஷன், இப்படியாவது சொல்லியிருக்கிறாரே என்று நினைத்தேன். அக்காவிடம் காட்டினேன். அக்கா, “இன்னாடி பாத்துக்கினு நிக்கிற, ஜல்தியா கெளம்பு” என்றாள். புடவை நாலைப் பையில் வைத்தேன். மறுநாள் காலை முதல் பஸ்.

திண்டிவனத்தில் இறங்கி, வீடு பூட்டியிருக்கும் நேரம் என்று நேரே ஆபீஸ் தெருவுக்கு வந்தேன். கூட்டம். முன்னால் நின்ற ஒரு அம்மாவிடம் என்ன என்று கேட்டேன். அவர் போனைக் காட்டினார். அதே மெசேஜ், அதே வரி. பொறுப்பு: அன்புச்செல்வன். எல்லோருக்கும் நீங்கள்தானே பொறுப்பு.

நீங்கள் வாசலில் கைகூப்பிக்கொண்டு நின்றீர்கள். இளைத்திருக்கிறீர்கள். நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் நானும் மெசேஜைக் காட்டிக்கொண்டு வந்து நிற்பவள் ஆகியிருப்பேன். பதினொரு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன். அக்கா பையைப் பார்த்ததும் சோறு போட்டாள்.

ஒரே ஒரு உதவி. காப்பியைப் போடுவதற்கு முன் எண் 1-ஐ நீங்களே உங்கள் கையால் மூடுங்கள். மூடியவர் என்ற இடத்தில் ‘தானாக’ என்று வர வேண்டாம். உங்கள் பெயர் வரட்டும்.

கலை


திண்டிவனம்
1.7.2025

அன்புள்ள கலைக்கு,

உன் கடிதத்தைப் பத்து தடவை படித்திருப்பேன். கூட்டத்தில் நான் உன்னைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. வந்திருப்பேன்.

உன் கடிதம் வருவதற்கு முன்பே, இருபத்துமூன்றாம் தேதி, தேவநாதன் சார் பழைய காப்பியைப் போட்டுவிட்டார். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் ‘மூடப்பட்டது’ என்று மறுபடி மெசேஜ் போயிற்று. உனக்கும் வந்திருக்கும். திறந்த மெசேஜையும் நான் அனுப்பவில்லை, மூடிய மெசேஜையும் நான் அனுப்பவில்லை. அதுதான் எனக்கு அவமானமாக இருக்கிறது.

118-ஐத் திறக்க ஒரே ஒரு தடவை அனுமதி கொடுத்தார். இருபத்தேழாம் தேதி, அவர் பின்னால் நிற்க, எண்ணி இரண்டு ஸ்பேஸ் விட்டு அடித்தேன். திறந்தது. புது நம்பரையும் போட்டேன். பூமாலை அம்மா போனைக் கொண்டுவந்து காட்டி, “இதுவும் திரும்ப மூடிக்கினு பூடுமா சார்?” என்று கேட்டார். இல்லை என்றேன். முந்தானையில் கொண்டுவந்திருந்த மல்லாட்டைக் கடலையை மேஜைமேல் கொட்டிவிட்டுப் போனார். நேற்று ஷீட் இறங்கிவிட்டது.

118-க்குக் கீழே 1 என்றும் அடித்தேன். சார் கவனிக்கவில்லை. மூடுவதற்கு முதலில் திறந்தாக வேண்டுமே. அன்று உனக்கு வந்த மெசேஜ் நான் அனுப்பியது. அது மட்டும் என் கையால் வந்தது.

மூடப் போனேன். காரணம் இல்லாமல் மூட முடியாது என்கிறது. பட்டியலில் இருப்பது மூன்றுதான். வேலை முடிந்தது. விண்ணப்பித்தவர் வேண்டாம் என்றார். குடியிருப்பவர் இல்லை. மத்தியானம் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதையும் என்னால் தொட முடியவில்லை.

ஃபைலை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். சென்னையில் ஒரு கம்பெனியிடம் போய்விட்டது. அதனால் முப்பதை மாற்றவும் வழியில்லை. ஆனால் யாராவது ஒருவர் குறிப்பு எழுதினால் மூடாது என்றுதானே நீ வைத்திருக்கிறாய்? தினமும் எழுதுகிறேன். இருபத்தேழாம் தேதியே தொடங்கிவிட்டேன். கடிதத்தில் வராதது அதில் வரும் என்று நினைக்கிறேன். உன் பாஸ்வேர்டை யாரும் எடுக்கவில்லை. நீ பார்க்கலாம்.

உன்
அன்புச்செல்வன்


விழுப்புரம்
3.8.2025

அன்புள்ள மாமாவுக்கு,

தினமும் பார்த்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குக் குறிப்பு வரும். ஆறு அடிப்பதற்கு முன்பே போனை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடுவேன். அக்கா கேலி செய்வாள்.

‘சுவர் ஈரமாக இருக்கிறது.’ ‘இன்று மழை இல்லை. ஈரம் அப்படியே.’ ‘கொத்தனாரிடம் சொல்லியிருக்கிறேன்.’ ‘கொத்தனார் வரவில்லை.’ ‘ஈரம் ஜன்னல்வரை வந்துவிட்டது.’ முப்பத்தேழு நாள், முப்பத்தேழு குறிப்பு. ஞாயிற்றுக்கிழமைகூட விடவில்லை. அதில் ஒன்றில்கூட நம் குழந்தை இல்லை. நான் இல்லை. நீங்களும் இல்லை.

குறை சொல்ல எனக்கும் தகுதி இல்லை. கீழே என் பெயரில் ஒரு வரி எழுதலாம் என்று எத்தனையோ நாள் தொடங்கினேன். எழுதுவேன், அழித்துவிடுவேன். நீங்கள் வாட்ஸ்அப்பில் செய்ததைத்தான் நானும் செய்தேன். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நீங்கள் வேண்டுமென்று செய்யவில்லை என்று. உங்களால் முடியவில்லை. என்னாலும் முடியவில்லை. ஒருவர் எழுதினால் போதும் என்று அந்த விதியை வைத்தவள் நான். அது தப்பு மாமா. ஒருவர் எழுதினால் வேலை திறந்திருக்கும், அவ்வளவுதான்.

நேற்று ஆறு மணிக் குறிப்பு வந்த பிறகு எண் 1-ஐ நானே மூடிவிட்டேன். உங்களை மூடச் சொன்னது நியாயமில்லை. மூடியவர் என்ற இடத்தில் என் பெயர் இருக்கும். நீங்கள் தொட முடியாத மூன்றில் ஒன்றைத் தொட்டேன். குடியிருப்பவர் இல்லை. அதுதான் உண்மை. ஜனவரியிலிருந்தே அதுதான்.

இனி ஆறு மணிக்கு எழுத வேண்டியதில்லை. அந்த நேரத்தில் ஏதாவது சாப்பிடுங்கள்.

சுவரில் ஈரம் வருவது குளியலறைக் குழாயிலிருந்து. மழையால் இல்லை. நவம்பரிலேயே சொல்ல நினைத்தேன்.

கலைப்பிரியா