எந்தப் பக்கம் மேல்

பிப். 12, வியாழன்

காலை முழுக்கப் பனிமூட்டம். பத்தாம் வகுப்பு விடைத்தாள் பாக்கி. காஸ் பதிய வேண்டும்.

பள்ளி விட்டு வந்தால் வராந்தா ஜன்னலில் கல் இல்லை. என் ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயமே அந்த ஒரு சுண்ணாம்புக்கல்தான். வீட்டுக்கார அக்கா கொண்டுவந்து நீட்டினார், பளிச்சென்று.

"மொளகு காயப்போட்ட தார்ப்பாய்க்கு வெயிட்டு வெச்சேனுங்க டீச்சர். மண்ணாயிருச்சு, கம்பி நாரு போட்டுத் தேச்சுட்டேன். என்னமோ கிறுக்கியிருந்துச்சு, அதும் போயிருச்சு."

கிறுக்கல் இல்லை. எது மேல்பக்கம் என்று நான் போட்ட அம்பு. பரவாயில்லை என்றேன்.

பிப். 13, வெள்ளி

தூக்கம் சரியில்லை. அரியலூர்ப் பக்கம் பழைய குவாரியில் எடுத்த கல். இப்போது அங்கே தண்ணீர், மறுபடி எடுக்க முடியாது. பாதி கருப்பு: ஏரிச் சேறு, நத்தை. பாதி வெளுப்பு: கடல், பவளத் துணுக்கு. நிலம் பிளந்து பள்ளம் விழுந்தது, முதலில் ஏரி நின்றது, பிறகு கடல் புகுந்தது. காவிரிப் படுகை பிறந்த விதம் என்று நான் எழுதியிருப்பது இதுதான். கல் தலைகீழ் என்றால் எழுதியதும் தலைகீழ்.

கருப்பு கீழே. நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் அம்பு போட்டது கல் குவாரிச் சுவரில் இருந்தபோதா, பெயர்ந்து விழுந்த பிறகா?

திங்கட்கிழமை ஆய்வேடு தாக்கல்.

பிப். 14, சனி

சேந்தமங்கலம். பஸ்ஸில் இடமில்லை, வளைவுக்கு வளைவு பையைக் கட்டிப்பிடித்தபடி. சமையல் மேடைக் கல் அறுக்கும் பட்டறை. பட்டறைக்காரர் கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க டீச்சர், இத்தனூண்டுல என்ன, எலிக்கு அம்மியா?"

"நடுவுல அறுத்தா போதுங்க."

"சிரிக்கக்கூட மாட்டேங்கறீங்க."

அறுத்த முகத்தை நனைத்து லென்ஸில் பார்த்தேன். செத்த சிப்பிக்குள் சேறு அடியில்தான் தங்கும். மேலே மிஞ்சிய வெற்றிடத்தில்தான் வெள்ளைப் படிகம் வளரும். வெளுத்த பாதியில் நிறையச் சிப்பிகள். படிகம் எல்லாமே கருப்பைப் பார்த்து.

கருப்புதான் மேல். கடல் முதலில்.

காய் வாங்க மறந்துவிட்டேன்.

பிப். 15, ஞாயிறு

காற்று. தண்ணீர் டேங்க் பக்கம் போனால்தான் சிக்னல். நெறியாளர் சாரிடம் சொன்னேன்.

"ஒரு சிப்பிதானேம்மா?"

"எல்லாமே சார்."

"வேற யார் பார்த்தா?"

"கல் அறுத்தவர்."

சிரித்தார். "நாளைக்குத் தாக்கல் பண்ணிடு. அப்புறம் கட்டுரையில திருத்திக்கலாம்."

"ஆய்வேட்டுல கையெழுத்துப் போட முடியாது சார்."

மறுமுனையில் பக்கம் புரட்டும் சத்தம்.

"அப்ப உள்ள வந்த கடல் ஏம்மா திரும்பிப் போச்சு?"

"தெரியலை சார்."

"ஒரு வருஷம் ஆகும் உனக்கு."

"ஆகும் சார்."

"சரி. நாளைக்கு நீ வரலைன்னு ஆபீஸ்ல சொல்லிடறேன்."