ஜன்னலில் வைத்த ஊசி மருந்து

என் கோபத்தையெல்லாம் சிரித்தே கரைத்துவிடும் மன்னிக்கு,

முதலில் நல்ல சேதி. உன் பெண் பத்மா பிழைத்துவிட்டாள். இன்று காலை இரண்டு தோசை சாப்பிட்டுவிட்டு மூன்றாவதுக்கு என்னோடு சண்டை போட்டாள். பத்தியம் என்றேன், உன்னைப் போலவே உதட்டைச் சுழித்தாள். கொடுத்துவிட்டேன். நானா கொடுத்தேன் என்று கேட்கிறாயா?

போன வியாழக்கிழமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், பல் தந்தியடிக்க நடுங்கினாள். விளக்கு வைப்பதற்குள் உடம்பு அனலாகக் கொதித்தது. வலது விலாவில் குத்துகிறது என்று மூச்சை இழுக்கவே பயந்தாள். மறுநாள் துப்பிய சளி இரும்புத் துரு நிறத்தில் இருந்தது. டாக்டர் முதுகில் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, நிமோனியா என்றார்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நான்கு வருஷத்துக்கு முன் இதே கூடத்தில், உன்னைப் பார்த்தும் இதே பெயரைத்தானே சொன்னார்கள்?

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும், மன்னி. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

உனக்குப் போட்ட பென்சிலினைக் கரைத்துவைத்த கம்பவுண்டர், புட்டி ஜில்லென்று இருக்க வேண்டும் என்று சொல்லிப் போனார். அண்ணா தினமும் ஐஸ் கட்டி வாங்கி, உமிச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தான். வீட்டிலேயே குளுமையான இடம் நான் சமைக்கும் தளிகையறையின் மூலைதான், தீர்த்தத் தவலைகள் நிற்கும் அந்த ஈர மூலை. ஆனால் ஆஸ்பத்திரிச் சாமான், யார் யார் தொட்டதோ! அதை மடி ஆசாரம் பார்க்கும் இடத்தில் எப்படி வைப்பது? கணவரை இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பிய எனக்கு அந்தத் தளிகையறை ஒன்றுதான் ராஜ்யம். ஐஸ் வாளியையும் புட்டியையும் கூடத்து ஜன்னலில் வைக்கச் சொன்னேன். ஒருவரும் எதிர்த்துப் பேசவில்லை. என் வாய்க்குப் பயப்படாதவள் இந்த வீட்டில் நீ ஒருத்திதான், நீயோ படுத்திருந்தாய்.

மூன்றாம் நாள் மத்தியானம் பார்த்தேன். ஐஸ் முழுக்கக் கரைந்து, வாளித் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. புட்டிமேல் பங்குனி வெயில். வாயைத் திறக்கவில்லை நான். சாயங்காலம் கம்பவுண்டர் அந்த மருந்தைத்தான் உனக்கு ஏற்றினார். இரண்டு நாளில் நீ போய்விட்டாய்.

என் மடிதான் உன்னைக் கொன்றது என்று நானே தீர்ப்பு எழுதிக்கொண்டேன். உன் திதிக்குத் தளிகை பண்ணும்போதெல்லாம் மனசுக்குள் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருப்பேன். வெளியில் மட்டும் குறைச்சலில்லை, வழக்கம்போல் எல்லோரையும் அதட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

இந்தத் தடவை பத்மாவின் மருந்துப் புட்டியை நானே கையில் வாங்கி, நேரே தளிகையறைக்குப் போய்த் தவலைகளுக்கு நடுவில் வைத்தேன். தீட்டாவது விழுப்பாவது, பெருமாள் பார்த்துக்கொள்ளட்டும். மறுநாள் வந்த டாக்டர் புட்டியைத் தேடிக் கண்டுபிடித்துச் சிரித்தார். இப்போது வருகிற மருந்துக்கு அவ்வளவு குளிர்ச்சியே வேண்டாமாம். அசடு வழிய நின்றேன். ஆனால் இரண்டே நாளில் அவளுக்கு ஜுரம் இறங்கிவிட்டது.

அன்று டாக்டருக்குக் காபி கொடுக்கும்போது கேட்டேவிட்டேன். அதே நோய், அதே மருந்து. பெண் எழுந்துவிட்டாள், அவள் அம்மா ஏன் எழவில்லை? ஜன்னல் கதையையும் சொன்னேன். கன்னடக்காரர், நம் தமிழ் பாதிதான் வரும். பொறுமையாகக் கேட்டவர், உனக்கு நோய் எப்படித் தொடங்கியது என்று விசாரித்தார்.

ஊரெல்லாம் ஃப்ளூ ஜுரம் இருந்த சமயம் என்றேன். முதலில் ஜலதோஷமும் தலைவலியும் உடம்பு வலியும். பிறகு நாலைந்து நாள் சளியே வராத வறட்டு இருமல். நடுக்கம் இல்லை, விலாக் குத்தல் இல்லை. மூச்சு மட்டும் நாளுக்கு நாள் முட்டியது. அதோடும் நீ என்னைக் கேலி பண்ணிக்கொண்டுதான் இருந்தாய், அதையும் சொன்னேன்.

நிமோனியா என்பது நுரையீரல் அழற்சிக்குப் பொதுப் பெயர், காரணம் ஒன்றல்ல என்று அவர் விளக்கினார். பத்மாவுக்கு வந்தது பாக்டீரியாக் கிருமி. திடீரென்று நடுக்கத்தோடு தாக்கும், ஒரு பக்கம் குத்தும், துரு நிறச் சளி வரும்; பென்சிலின் அதைக் கொன்றுவிடும். உனக்கு வந்தது பெரும்பாலும் வைரஸ், அதைவிடப் பல மடங்கு நுண்ணியது. ஃப்ளூவின் பின்னாலேயே பையப் பைய வந்து இரண்டு நுரையீரலிலும் பரவும், பென்சிலினுக்கு மசியாது. அடையாளங்கள் எப்போதும் இவ்வளவு தெளிவாக இருப்பதில்லையாம். ஒன்றின்மேல் இன்னொன்று ஏறிக்கொள்வதும் உண்டாம். அதனால் அன்றைய டாக்டர் பென்சிலின் போட்டுப் பார்த்ததும் தப்பில்லை, நூற்றுக்கு நூறு தன்னாலும் சொல்ல முடியாது என்றார். ஒரு மத்தியான வெயிலில் மருந்து வெறும் தண்ணீராகிவிடாது என்றும் சொன்னார்.

கிளம்பும்போது வாசலில் திரும்பி நின்றார். "மகாராஜா அரமனையில ஐஸ்ல வெச்சிருந்தாலும் அவங்களுக்கு அந்த மருந்து கேட்டிருக்காதும்மா. நீங்க ஒண்ணும் பண்ணலை."

மன்னி, அப்பாடா என்று இருந்தது. நான்கு வருஷத்தில் முதல் தடவையாக முழு மூச்சு விட்டேன். நீ போன பிறகு எனக்கு நிம்மதி வரலாமா? வந்ததே, என்ன செய்ய?

சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து தலைப்பாகையைக் கழற்றிக்கொண்டிருந்த அண்ணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். நீ போனதிலிருந்து அவன் என் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. என்மேல் கோபம் என்றே நினைத்திருந்தேன். அவன் தலைப்பாகையை ஆணியில் மாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"ஜன்னல்ல இருந்ததை நானும் பாத்தேன், சிங்கம்மா. தூக்கி உள்ள வெச்சிருக்கலாம். நீ கோச்சுப்பேன்னு பேசாம ஆபீஸ் போயிட்டேன்."

ஒரே கூரையின் கீழ் நான்கு வருஷம், இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் அதையே சுமந்திருக்கிறோம். டாக்டர் சொன்னதை அவனுக்கு மூன்று தடவை சொன்னேன். மூன்றாவது தடவைதான் அழுதான். நானும் அழுதேன்.

அழும்போதுதான் தெரிந்தது. இத்தனை நாளும் நான் அழுததெல்லாம் என் தப்பை நினைத்து. நீ இல்லையே என்று ஒரு நாளாவது அழுதேனா? வருகிற திதிக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்க மாட்டேன், மன்னி. உன் பெண்ணைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, உனக்காக மட்டும் அழுவேன்.

இப்படிக்கு,
உன் வாய்க்கு மட்டும் அடங்கிய உன் நாத்தனார்,
சிங்கம்மா