தூக்காத கை

இந்நேரம் எமதர்மராசனையே எல்லைக்கோட்டுக்கு வெளியே நிறுத்திவைத்து விசில் ஊதிக்கொண்டிருக்கும் என் ஆருயிர் மாப்ளே முருகவேலுக்கு,

நீ போய் நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. அன்றிலிருந்து போடியில் சூரியனே உதிக்கவில்லை, மேற்கு மலை நாலடி உள்வாங்கிவிட்டது என்றெல்லாம் எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வரவில்லை மாப்ளே. சூரியன் உதிக்கிறது. பஸ்சு ஓடுகிறது. என் தங்கச்சி பஞ்சவர்ணம் காலையில் பழக்கத்தில் இரண்டு டம்ளர் காபி போட்டுவிட்டு, உன் டம்ளரை வாசலில் கொண்டுபோய் ஊற்றுகிறாள். நான் உன் விசிலைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு ஊரைச் சுற்றுகிறேன்.

உன் விசில் என்னிடம் எப்படி வந்தது என்று கேட்கிறாயா? உன் மகள் கயல் கொடுத்தாள். "இந்தாங்க மாமா, நீங்களே வச்சுக்கங்க. இனிமே எனக்கு இதுல சோலி இல்லை" என்றாள். நடுவர் சட்டையை இஸ்திரி போட்டு மடித்து பீரோவின் அடித்தட்டில் வைத்துவிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாளித்திருப்பேன்.

நடந்ததைச் சொல்கிறேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம், காலேஜ்களுக்கு நடுவிலான பாஸ்கெட்பால் லீக். நம்ம காலேஜும் மதுரைக்காரர்களும் மோதினார்கள். காம்பவுண்டுச் சுவர் முழுக்கத் தலை. உன் கனவு பலித்த நாள் அது, கயல் முதல் தடவையாகக் காலேஜ் மேட்சுக்கு ஊதுகிறாள். நான் கைதட்டிய தட்டில் தேவாரம் காட்டு யானையெல்லாம் கேரளாவுக்கு ஓடியிருக்கும். நாம் ஒரு பாயிண்ட் முன்னால். பாக்கி இரண்டே செகண்டு. மதுரைப் பையன் வளையத்துக்கு அடியில் எம்புகிறான். நம்ம பிரவீனும் கூடவே எம்புகிறான். விசில்.

கயல் ஓடிவந்து மணிக்கட்டில் தட்டிக் காட்டினாள். கையில் அடித்துவிட்டான், பவுல். பிரவீன் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, நானா என்பதுபோல் கூட்டத்தைப் பார்த்தான். அதற்குக் கிடைத்த இரண்டு பிரீ த்ரோவையும் மதுரைப் பையன் வளையத்தில் போட்டான். தோற்றோம்.

சுவர் மேலிருந்து முதலில் வந்த சத்தம் என்ன தெரியுமா மாப்ளே? "அப்பன் ஊதுன அதே பொய்ப் பவுலை மகளும் ஊதிட்டாடோய்!"

அதே ஆடுகளம். அதே வளையம். அதே இரண்டு செகண்டு. முப்பத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் விசில் உன் வாயில் இருந்தது, பிரவீன் இடத்தில் நான் இருந்தேன்.

அன்றைக்கு ஒரு வழக்கம் உண்டு. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. நடுவர் நம்பரைச் சொன்னதும் பவுல் செய்தவன் தன் கையைத் தூக்கவேண்டும். நான்தான் செய்தேன் என்று ஸ்கோர் எழுதுகிறவருக்கும் கூட்டத்துக்கும் தெரிய. அதோடு முடிந்தது, ஆட்டம் நடக்கும். "ஏழாம் நம்பர்" என்றாய். நான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். நீ பக்கத்தில் வந்தாய். "கையைத் தூக்கு சிங்கராசு" என்று மெதுவாகச் சொன்னாய். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. நான் தூக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதத்தில் உனக்கும் என் தங்கச்சிக்கும் கல்யாணம். அதுதான் வினை. "மச்சினனுக்கு எதிராவே ஊதுனாத்தான் யோக்கியன்னு பேர் கிடைக்கும்னு இல்லாத பவுலை ஊதிட்டான்" என்று பேசினார்கள். என் கை மேலே போயிருந்தால் அந்தப் பேச்சுக்கு வேலையே இல்லை. கை கீழே இருந்தது, அதையே சாட்சியாக எடுத்துக்கொண்டார்கள். 'ஜட்ஜய்யா' என்று உனக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள். அதற்குப் பிறகு எந்தக் காலேஜும் உன்னைக் கூப்பிடவில்லை. கடைசி வரைக்கும் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஊதினாய்.

நான் என்ன செய்தேன்? கதை சொன்னேன். முதல் வாரம் என் கைக்கும் அந்த மதுரைக்காரன் கைக்கும் நடுவில் ஒரு விரற்கடை இடம் இருந்தது. கல்யாணத்துக்கு வந்தவர்களிடம் ஒரு சாண் என்றேன். பத்து வருஷத்தில் ஒரு முழம். கடைசியில், "நடுவுல ஏலக்காய் லோடு ஏத்துன ஜீப்பு திரும்பலாம்ப்பா!" ஊர் சிரித்தது. நீயும் ஓரமாக உட்கார்ந்து சிரித்தாய். அதை எப்படிச் சிரித்தாய் மாப்ளே?

இன்னொன்றையும் சொல்லித் தொலைக்கிறேன். உன்னை எடுக்கிற அன்று, பந்தலுக்குள்ளேயே இரண்டு பேர், அன்றைக்கு அது பவுலா இல்லையா என்று தர்க்கம் பண்ணினார்கள். "சிங்கராசண்ணே, நீங்களே சொல்லுங்க" என்றார்கள். உள்ளே உன்னைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள். என் வாய், பழகின வாய், "ஜீப்பு திரும்பலாம்" என்றது. உனக்குக் கேட்டிருக்குமோ என்று நாற்பத்து மூன்று நாளாக யோசிக்கிறேன்.

இப்போது ஊரில் வேறு பேச்சே கிடையாது. ஏலக்காய் புரோக்கர் பாண்டியும் ஹார்டுவேர் கடை சேவியரும் டீக்கடையில் தினமும் கோர்ட்டு நடத்துகிறார்கள். போனில் எடுத்த வீடியோவை ஆயிரம் தடவை ஓட்டிவிட்டார்கள். சரியாகக் கை தொடுகிற நேரத்தில் எவனோ ஒருத்தனின் குல்லா குறுக்கே வருகிறது. நேற்று சேவியர் ஒரு உளுந்தவடையைப் பந்து மாதிரி தூக்கிப் பிடித்தான்.

"பாண்டி, இப்ப நீ பந்தைத் தட்டு. என் கைல படக்கூடாது."

பாண்டி தட்டினான். வடை பறந்தது. சேவியரின் இன்னொரு கையிலிருந்த டீ அவன் தொடையிலேயே கொட்டியது.

"ஆத்தாடி! பவுலு, பவுலு! சந்தேகமே இல்லை!"

"நான் வடையைத்தான்யா தொட்டேன். டீ ஆடுனதுக்கு நான் பொறுப்பா? உனக்கும் ஜட்ஜய்யா மகளுக்கும் கண்ணு ஒரே டிசைன்!"

கடையே சிரித்தது. எப்போதும் முதலில் சிரிக்கிறவன் நான். நேற்று எழுந்து நின்றேன். "முப்பத்திரண்டு வருஷத்துக்கு முந்தி அது பவுல்தான். நான் அடிச்சேன். முருகவேல் ஊதுனது சரி. அவன் மகளுக்கும் அதே கண்ணுதான்" என்றேன்.

பாண்டி வாயிலிருந்த டீயைத் துப்பிச் சிரித்தான். "அண்ணே, போன மாசம் பொட்டிபுரத்துல சிறுத்தைக்கு வழி சொன்னேன்னீங்க. அதுக்கு முந்தி யானை உங்ககிட்ட ஏலக்காய் வெலை கேட்டுச்சு. இப்ப இது. மருமகளுக்காகச் சொல்றீங்க, புரியுது. உக்காருங்க, டீ ஆறுது."

நான் சத்தியம் செய்தேன். இன்னும் சிரித்தார்கள். மாப்ளே, வாழ்நாளில் சொன்ன பொய்யெல்லாம் நம்பின ஊர், ஒரே ஒரு உண்மையைச் சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. அந்தச் சிரிப்பு நான் வளர்த்தது. எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வேன்?

கயலிடம் ஓடினேன். உனக்குச் சொல்லாததையெல்லாம் அவளிடம் சொன்னேன். அன்றைக்கு என்னோடு எம்பின மதுரைக்காரன் முழங்கையில் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததை. நான் எம்பி இறங்கி, விசில் சத்தம் கேட்டுப் பார்த்தபோது அந்தப் பிளாஸ்திரி என் நடுவிரலில் ஒட்டிக்கிடந்ததை. அதை நிக்கரில் தேய்த்து உதிர்த்துவிட்டு இடுப்பில் கை வைத்ததை.

அவள் நம்பவில்லை. "அப்பாவைப் பத்தி ஜீப்புக் கதை. எனக்குப் பிளாஸ்திரிக் கதையா? போதும் மாமா" என்றாள். அப்புறம்தான் அழுதாள். ஞாயிற்றுக்கிழமை கடைசி லீக் ஆட்டத்துக்கும் அவள் பெயர்தான் போட்டிருக்கிறது. வரமாட்டேன் என்று எழுதி வைத்திருக்கிறாள், நாளைக்குக் கொடுக்கப்போகிறாளாம். இப்போது விட்டால் அவளையும் திரும்பக் கூப்பிட மாட்டார்கள். உனக்கு நடந்ததுதான் நடக்கும். அதையும் நான்தான் செய்ததாக ஆகும்.

உனக்குத் தெரியுமா மாப்ளே, தெரியாதா? கல்யாணத்தன்று எனக்கு மச்சான் மோதிரம் போடும்போது என் விரலைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாய். "கை சுத்தமா இருக்கா மச்சான்?" என்று சிரித்தாய். சும்மா கேட்டாயா? பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டாயா? பார்த்திருந்தால் ஒரு தடவையாவது வாயைத் திறந்திருக்கலாமே. அன்றைக்கு மாதிரியே நான் தூக்கட்டும் என்று காத்திருந்தாயா?

இன்று காலையில் ஜீப்பு பிடித்து மேலே போனேன். பிரவீனுடைய அப்பாவும் அம்மாவும் போடிமெட்டுக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டத்தில் வேலை பார்க்கிறார்கள். லீவுக்குப் போனவனும் காய் பறித்துக்கொண்டிருந்தான். ஏலக்காய் செடியின் காலடியில்தானே காய்க்கும். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன் மூன்றாக மடிந்து உட்கார்ந்திருந்தான், விரலெல்லாம் கறை.

"வெரசாச் சொல்லுப்பா. வெள்ளிக்கிழமை அவன் கையைத் தொட்டியா இல்லையா?"

அவன் நிமிரவில்லை. "நீங்க தொட்டீங்களாய்யா?"

என்னையே திருப்பிக் கேட்டான். என்னை, மாப்ளே!

"எங்கப்பா சொல்லிச் சொல்லித்தான் வளந்தேன். ஜீப்பு திரும்புற இடம் இருந்துச்சு, ஆனாலும் சிங்கராசு அசையாம இடுப்புல கை வச்சு நின்னாருன்னு. அக்கா விசில் ஊதுனதும் உங்க ஞாபகம்தான் வந்துச்சு. அப்படியே நின்னுட்டேன்."

சேற்றில் உட்கார்ந்துவிட்டேன். "தொட்டேன்டா. நாலு விரலும் பட்டுச்சு" என்றேன்.

இரண்டு நாளில் நான் சொன்னதை நம்பின முதல் ஆள் அவன். தன் கறை விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அப்புறம், "அக்கா ஊதுனது சரிதான்" என்றான், செடியிடம் சொல்வதுபோல.

"அதைக் கீழ வந்து சொல்லுடா. அந்தப் புள்ள விசிலைத் தூக்கிப் போட்டுருச்சுடா."

"நான் சொன்னா டீம்ல என்னை உசுரோட விடமாட்டாங்க. மொதல்ல நீங்க. அதே கிரவுண்டுல, எல்லாரும் பாக்க. அப்புறம் நானும் தூக்குறேனான்னு பாப்போம்."

மலை இறங்கி வருகிற பதினேழு வளைவிலும் அவன் முகம்தான். பதினேழு என்று எண்ணியே எழுதியிருக்கிறேன். வேறு நாளாக இருந்தால் ஏழாயிரம் என்றிருப்பேன்.

வீட்டுக்கு வந்து கயலிடம் ஒன்றே ஒன்று கேட்டேன். "அந்தக் கடுதாசியைத் திங்கட்கிழமை கொடும்மா. ஞாயித்துக்கிழமை சும்மா வந்து உக்காரு, ஊத வேணாம்." நடுவர் சட்டை இருக்கிற பீரோவின் சாவியைப் பார்த்தாள்.

மாப்ளே, மைக்கைத் தொடமாட்டேன். பேசினால் எனக்கு ஜீப்பு வந்துவிடும், யானை வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்குவதற்கு முன்னால் அந்த வளையத்துக்கு வலது பக்கம், நான் எம்பின அதே இடத்தில் போய் நிற்பேன். ஒரு கையில் உன் விசில். இன்னொரு கையை மேலே தூக்குவேன். அவ்வளவுதான். சிரிப்பார்கள். பாண்டி விழுந்து விழுந்து சிரிப்பான். சிரித்து முடிக்கட்டும், எனக்கு அவசரமில்லை. கயல் இறங்கிவந்து அந்த விசிலை என்னிடமிருந்து வாங்குகிற வரைக்கும் கையை இறக்கமாட்டேன். அவள் வராவிட்டால்? அதை நான் நினைக்கவில்லை. வலது தோளில் வாயுப் பிடிப்பு இருக்கிறது, இப்போதே கண்ணாடி முன்னால் தூக்கிப் பார்த்தேன், காதுக்கு மேலே போகமாட்டேன் என்கிறது. போகும். போகவைப்பேன்.

உன்மேல் ஆணையாக, ஒரு இஞ்ச் கூட்டிச் சொல்லமாட்டேன்.

இப்படிக்கு,
முப்பத்திரண்டு வருஷம் தாமதமாகக் கையைத் தூக்கும் ஏழாம் நம்பர்,
உன் மச்சான் சிங்கராசு.