கீறல் என்று எழுதினேன்

3 நவம்பர் 2025, திங்கள்
கம்பெனி வாசலில் புது பேனர்: ‘ஸீரோ டிஃபெக்ட் மாதம்’. இங்கிலீஷில் ஒரு எழுத்து அதிகமாக விழுந்திருக்கிறது. மேனேஜர் வாலண்டைனிடம் சொன்னேன். “சின்ன விஷயம் லா, செல்வராணி. யார் பாக்கப் போறா?” என்றார். பதினோரு வருடமாக மலேசியாவில் இந்தக் குளுவாங் ஊர் பைப் கம்பெனியில் குறை பார்ப்பதுதான் என் வேலை. பேனர் அதில் சேராது போல.

இந்த வாரம் ஒரு பைப்கூட ரிஜெக்ட் ஆகாவிட்டால் ஷிஃப்டுக்கே பிரியாணியாம்.

5 நவம்பர், புதன்
நாலு நாளாக மழை. இரும்புத் தகட்டுச் சுருள்கள் வெட்டவெளியில், கிழிந்த கான்வாஸுக்கு அடியில் கிடக்கின்றன. ஓரமெல்லாம் துரு. அந்தத் தகட்டைக் குழாயாக வளைத்து, இரண்டு ஓரத்தையும் சூடேற்றி நெருக்கினால்தான் பைப். துருவும் துருவும் எப்படி ஒட்டும்? இன்று ஒரு பைப்பிலிருந்து வளையம் வெட்டி பிரஸ்ஸில் வைத்து நசுக்கினேன். வெல்டிங் கோடு காய்ந்த பலகை மாதிரி பிளந்துகொண்டது.

‘வெல்டிங் ஒட்டவில்லை, ஓரத்தில் துரு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுருள்களைப் போனில் படமும் எடுத்தேன்.

6 நவம்பர், வியாழன்
வாலண்டைன் என் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார், குழந்தையின் ஈரத் துணியைப் பிடிக்கிற மாதிரி. “ஒட்டலன்னு எழுதினா ரிஜெக்ட். மேல கீறல்னு எழுதினா பாஸ். ஒரு வார்த்தைதானே?”

பின்னால் ஷிஃப்ட் ஆட்கள் இருபது பேர். நாளைய பிரியாணியை நினைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். புதுத் தாளில் ‘கீறல்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

7 நவம்பர், வெள்ளி
பிரியாணி வந்தது. கோழி. மனசாட்சியை விற்றதுதான் விற்றேன், மட்டனுக்காவது விற்றிருக்கலாம்.

11 நவம்பர், செவ்வாய்
பைப் வாங்கிய கம்பெனியிலிருந்து ஒரு சீன இஞ்சினியரம்மா வந்தார். ஜொகூர் பாருவில் கட்டுகிற ஆஸ்பத்திரிக்குத் தீயணைப்புத் தண்ணீர் போகிற லைன் அது. வாலண்டைன் காப்பி, குவே பலகாரம் எல்லாம் அடுக்கிவைத்திருந்தார். அந்த அம்மா தொடவில்லை. அடுக்கிலிருந்து தானே ஒரு பைப்பைக் காட்டி, வளையம் வெட்டச் சொன்னார். நசுக்கினார்கள். பிளந்தது. இன்னொன்று. அதுவும் பிளந்தது.

“ஆப்பரேட்டர் மிஸ்டேக்,” என்றார் வாலண்டைன். மூச்சு வாங்கக்கூட இல்லை.

அந்த மெஷின் ஆப்பரேட்டர் ரூபேந்திரன். என் கொழுந்தன், வீட்டில் ரூபன்.

12 நவம்பர், புதன்
அவனுக்கு விளக்கம் கேட்டு லெட்டர் வந்துவிட்டது. எங்கள் வீட்டில்தான் இருக்கிறான், எங்கே ஒளிவது? சாப்பிடும்போது கேட்டான்.

“ஹீட் கம்மியா வச்சேன்னு எழுதியிருக்காங்க அண்ணி. நான் சரியாத்தான் வச்சேன். நீங்க செக் பண்ணீங்கல்ல? என்ன எழுதுனீங்க?”

“கீறல்.”

தட்டத் தள்ளிட்டுப் போயிருந்தா நல்லா இருந்திருக்கும். முழுசா சாப்ட்டான். தட்டக் கழுவி வச்சிட்டு ரூமுக்குப் போயிட்டான். ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? அவனுக்கு மரியாதை வேற, இந்த நேரத்துல!

13 நவம்பர், வியாழன்
முதல் ரிப்போர்ட்டின் கார்பன் நகல் என்னிடம் இருக்கிறது. அதைக் காட்டினால் அவன் தப்பிப்பான். மாற்றி எழுதிய கையெழுத்தும் என்னுடையதுதான் — அதையும்தான் காட்டியாக வேண்டும்.

17 நவம்பர், திங்கள்
விசாரணை. முதலாளி தவுக்கே தலைமை. கார்பன் நகல், சுருள் படங்கள், மெஷினின் ஹீட் பதிவு எல்லாவற்றையும் மேசையில் வைத்தேன்.

“யார் மாத்தச் சொன்னது?” என்றார் தவுக்கே.

“மிஸ்டர் வாலண்டைன்.”

“நான் ஆலோசனைதான் சொன்னேன்,” என்றார் அவர்.

“மாத்தினது யார்?”

“நான். கையெழுத்தும் என்னுதுதான்.”

கார்பன் நகலை அவர் பக்கம் தள்ளினேன். ரூபன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

18 நவம்பர், செவ்வாய்
தீர்ப்பு: ரூபனின் லெட்டர் ரத்து. ஏற்கெனவே போன பைப்பெல்லாம் திரும்ப வருகிறது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம், ஸ்டோருக்கு மாற்றல். வாலண்டைனுக்குப் பதவி: புதுத் தகட்டுச் சுருள் பாதுகாப்புக் குழுவின் தலைவர். கான்வாஸ் கிழிந்தது தெரிந்த ஒரே அதிகாரி அவர்தானே, அனுபவம் வேண்டாமா?

24 நவம்பர், திங்கள்
ஸ்டோர். கையுறை நானூறு ஜோடி. எல்லாம் இடது கை. அதையும் ரிப்போர்ட் பண்ணினேன்.

1 டிசம்பர், திங்கள்
ரூபன் வேலையை விட்டுவிட்டான்! சிங்கப்பூரில் வெல்டர் வேலையாம், பயிற்சி கொடுத்து எடுத்துக்கொள்கிறார்களாம். அவனுக்காக நான் ஸ்டோருக்குப் போனேன், அவன் அங்கே டுவாஸுக்குப் போகிறான். மாமியார் காளியம்மா, “நீ எழுதுனதாலதான் எம்புள்ள ஊர விட்டுப் போறான்,” என்றார். எதை எழுதியதால் என்று கேட்க நினைத்தேன். இரண்டுமே நான் எழுதியதுதான்.

பை தூக்கும்போது அவன் சொன்னான், “உங்க மேல கோவமில்ல அண்ணி. அந்த மெஷின் பக்கத்துல நிக்க முடியல.”

14 டிசம்பர், ஞாயிறு
ரூபன் போன் பண்ணினான்.

“முதல் டெஸ்ட் முடிஞ்சது. எக்ஸ்ரே எடுத்துப் பாத்தாங்க. நான் போட்ட அஞ்சு வெல்டிங்ல மூணு ரிஜெக்ட்.”

“ஐயோ. என்ன சொன்னாங்க?”

“ஒண்ணும் சொல்லல. எங்க ஒட்டலன்னு படத்துல காட்டி, திரும்பப் போடச் சொன்னாங்க. ஒருத்தரும் கத்தல, அண்ணி.” சிரித்தான். ஒரு மாதம் கழித்து அவன் சிரிப்பைக் கேட்கிறேன்.

“அந்த ரிப்போர்ட்ட எழுதுனது யாரு?”

“ஒரு அக்கா. நம்ம பக்கத்து ஊர் யோங் பெங்காம். செக் பண்ண இன்னொரு ஆள் தேடுறாங்களாம்.”

அங்கேயும் ஒரு வாலண்டைன் இருப்பான், வேறு பெயரில். அதைச் சொல்லாமல் போனை வைத்தேன். பீரோவில் பாஸ்போர்ட்டைத் தேடி எடுத்தேன். காலாவதியாகி இரண்டு வருடம். போனிலேயே நாளைக்கு லீவு போட்டுவிட்டேன். காரணம் என்ற இடத்தில் ‘பாஸ்போர்ட் புதுப்பிக்க’ என்று உள்ளதை உள்ளபடி எழுதினேன்.