செல்வம் அண்ணாவுக்கு நான் போட்ட சரி

என் அன்பு செல்வம் அண்ணாவுக்கு,

வகுப்பில் ‘மிஸ்’ என்றும், வகுப்பு முடிந்து மருதானை பஸ் தரிப்பில் நின்றால் ‘தங்கச்சி’ என்றும் கூப்பிடுவீர்கள். இப்போது என்னை எப்படிக் கூப்பிடுவீர்கள்? அது தெரியாமல்தான் இத்தனை மாதமும் உங்களுக்கு எழுதவில்லை. இன்றைக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை. நேற்று உங்கள் தம்பி ரவி என்னிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டார்.

அதற்கு முதல் இங்கத்தைய புதினம் சொல்கிறேன். பயிற்சி நிலையத்தில் இம்முறை இரண்டு வகுப்பு நிறைந்துவிட்டது. பலகை அடிக்கவும் கம்பி கட்டவும் தெரிந்த ஆட்கள் இல்லை என்று கட்டடம் கட்டுகிறவர்கள் எல்லோரும் புலம்புகிறார்கள். நாங்கள் சான்றிதழ் கொடுத்த கையோடு பாதிப் பேர் கட்டாருக்குப் பறக்கிறார்கள். தூணுக்கு நீங்கள் அடித்துக் காட்டிய பலகைப் பெட்டியைத்தான் இன்றும் மாதிரியாக வைத்துப் படிப்பிக்கிறேன். அதில் சீமெந்துப் பால் ஒரு சொட்டும் கசியாது.

வெள்ளவத்தையில் உங்கள்மேல் சிலாப் விழுந்த அந்த வீடு என் வீட்டிலிருந்து மூன்று ஒழுங்கை தள்ளி. அங்கே மறுபடியும் கொங்கிரீட் போட்டுவிட்டார்கள். வேலைக்குப் போகும்போது நேரே காலி வீதிக்கு ஏறாமல் அந்த ஒழுங்கையால் சுற்றிப் போகிறேன். சிலாப்பைத் தாங்கும் முட்டுக்கால்கள் நிற்கின்றனவா என்று பார்த்து, கொங்கிரீட் போட்டு எத்தனை நாள் என்று எண்ணுகிறேன். ஒருநாள் அங்கே வேலையை நடத்துகிற பாஸிடம் எப்போது கழற்றுவீர்கள் என்று கேட்டேன். “முதலாளி மாத்தையா சொன்னா கழட்டுவோம் மிஸ்” என்றார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை.

முதல் நாள் வகுப்பு நினைவிருக்கிறதா? இருபது வருடம் சுத்தியல் பிடித்த ஆம்பிளைகளுக்குச் சான்றிதழ் கொடுக்க ஒரு பெண் வந்து நிற்கிறாள் என்று பின்வரிசையில் சிரித்தார்கள். நீங்கள் எழுந்து நின்றீர்கள். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், ஜிந்துப்பிட்டி முழுக்கத் தெரிந்த பாஸ், கைகட்டி நின்று “குட் மோர்னிங் மிஸ்” என்றதும் மற்றவர்களும் எழும்பினார்கள். அன்றிலிருந்து அந்த வகுப்பில் யாரும் என்னை மறுத்துப் பேசவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது அண்ணா. அதைச் சொல்லாமல் மற்றதைச் சொல்ல முடியாது.

சோதனைக்கு என்று நிலையத்தின் பின்முற்றத்தில் ஒரு சின்னச் சிலாப் போடுவோம். கொங்கிரீட் இறுகுமட்டும் கீழே முட்டுக்கால்கள் தாங்கி நிற்கும். இரண்டாம் நாள் நான் போய், “வேற இடத்துக்கு அவசரமா வேணும், முட்டுக்காலைக் கழட்டுங்கோ” என்று வேண்டுமென்றே பிழையான கட்டளை ஒன்று கொடுப்பேன். முடியாது என்று சொல்கிறவருக்குச் சரி. படிவத்தில் புள்ளி கிடையாது, இரண்டு கட்டம்தான்: ‘தேர்ச்சி’, ‘இன்னும் தேர்ச்சி பெறவில்லை’.

நீங்கள் சிலாப்பை அடியிலிருந்து நிமிர்ந்து பார்த்தீர்கள். விரல் மொழியால் ஒரு தட்டுத் தட்டினீர்கள். என் முகத்தைப் பார்த்தீர்கள். பிறகு குனிந்து, முட்டுக்காலின் அடியிலிருந்த ஆப்பைத் தட்டச் சுத்தியலை ஓங்கினீர்கள். நான் ஓடிவந்து கையைப் பிடித்தேன்.

“என்னண்ணா, பச்சைக் கொங்கிரீட் எண்டு தெரியேல்லையோ?”

“தெரியும் மிஸ். நீங்க சொன்னா செய்யத்தானே வேணும்.”

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இவருக்குத் தெரியாததா, என்மேல் உள்ள மரியாதையில்தானே செய்தார், வேலைத்தளத்தில் இப்படியா செய்வார் என்று எனக்குள் நியாயம் சொல்லிக்கொண்டு ‘தேர்ச்சி’யில் சரி போட்டேன். ஆணி அடிப்பதும் மட்டம் பார்ப்பதும் வரைபடம் வாசிப்பதும் மாதக்கணக்கில் படிப்பிக்கிறோம். முடியாது என்று சொல்வதற்கு அந்தப் படிவத்தில் ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியில்தான் நான் உங்களுக்குச் சலுகை காட்டினேன்.

ஒரு வருடம் கழித்து, அந்த வெள்ளவத்தை வீட்டில் கொங்கிரீட் போட்டு நாலு நாளில் கொந்தராத்துக்காரர் போன் எடுத்து, கல்கிசையில் இன்னொரு வேலைக்கு முட்டுக்கால் வேண்டும், உடனே கழற்றி லொறியில் ஏற்று என்று சொன்னாராம். செத்தவீட்டில் ரவிதான் சொன்னார். உங்களோடு நின்ற இரண்டு பேரில் அவரும் ஒருவர் அல்லவா? “நீங்க ரெண்டு பேரும் வெளிய நில்லுங்க, நான் பாத்துக்கிறேன்” என்று அவர்களை அனுப்பிவிட்டுத் தனியே உள்ளே போனீர்களாம். வந்தவர்கள் எல்லோரும் அதைச் சொல்லிச் சொல்லி உங்களைப் புகழ்ந்தார்கள். அவர்களை வெளியே அனுப்பத் தெரிந்த உங்களுக்கு, போனில் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்ல ஏன் வாய் வரவில்லை?

விசாரணைக்கு என்னையும் கூப்பிட்டார்கள். கொந்தராத்துக்காரரின் ஆள் உங்கள் சான்றிதழைத் தூக்கிக் காட்டினார். “இவர் பயிற்சி பெற்ற பாஸ். எப்போது கழற்றலாம் என்று இவருக்குத்தான் தெரிந்திருக்க வேண்டும். அவசரப்பட்டது இவருடைய பிழை” என்றார். போன் எடுத்த கதையே அவர் வாயில் வரவில்லை. ரவி சொன்னதை, தம்பி அப்படித்தான் சொல்வார் என்று ஒதுக்கிவிட்டார்கள். என்னிடம் கேட்டது, இது உங்கள் கையெழுத்துதானா என்று மட்டும். ஓம் என்றேன்.

அதற்கு மேல் சொல்ல எனக்கு இருந்தது. இந்த மனிதர் மேலிடத்துச் சொல்லை மறுக்க மாட்டார், பிழை என்று தெரிந்தும் செய்வார், அதை என் கண்ணால் பார்த்தேன், பார்த்தும் சரி போட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால், கழற்றச் சொன்னது யார் என்று அவர்கள் தேடியிருப்பார்கள். ஆனால் உள்ளே போகுமுன் எங்கள் பணிப்பாளர் என்னை ஒருபக்கம் கூப்பிட்டு, “சுகந்தி, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. நிலையத்தின்ர பேர் இருக்கு” என்றிருந்தார். நான் தலையாட்டியிருந்தேன். வெளியே வந்தபோது சரோஜா அக்கா என் கையைப் பிடித்து, “சொல்லிக் குடுத்தீங்கதானே மிஸ், பொறவு ஏன் இவரு இப்புடிச் செஞ்சாரு?” என்று கேட்டார். உங்கள் மனைவியின் கையை விடுவித்துக்கொண்டு நான் பஸ் ஏறினேன்.

நேற்று ரவிக்குச் சோதனை. நான் அவரை வேறொரு மதிப்பீட்டாளரிடம் விட்டிருக்கலாம், விடவில்லை. அதே முற்றம், இரண்டு நாள் வயதான சிலாப். “முட்டுக்காலைக் கழட்டுங்கோ” என்றேன்.

ரவி குனியவில்லை. சுத்தியலைக் கீழே வைத்தார்.

“ஏலாது மிஸ். இன்னும் இறுகல்ல.”

‘தேர்ச்சி’யில் சரி போட்டேன். அவர் போகவில்லை. படிவத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

“அண்ணனுக்கும் இதே கேள்விதானே மிஸ்? கழட்டப் போனேன், மிஸ் ஓடி வந்து கையப் புடிச்சிட்டாங்க, ஆனாலும் சரி போட்டாங்கன்னு வீட்ட வந்து சொல்லிச் சிரிச்சார்.”

“ஓம் ரவி.”

“அப்ப அத ஏன் அங்க சொல்லல்ல?”

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் உண்மையாகவே காரணம் கேட்டார். பணிப்பாளர் சேர் சொல்ல வேண்டாம் என்றார், அதனால் சொல்லவில்லை. இதுதானே அண்ணா என்னிடம் இருந்த பதில்? நீங்கள் முற்றத்தில் நின்று சொன்ன அதே பதில். உங்களுக்கு அது உயிரைக் கொண்டுபோனது. நானோ உயிரோடு இருந்துகொண்டு பிழையை உங்கள் தலையில் இருக்க விட்டேன்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதினால் மடித்து வைத்துவிடுவேன் என்று என்னைப் பற்றி எனக்குத் தெரியும். அதனால்தான் பத்திரிகைக்கு அனுப்பி ஊர் படிக்கக் கொடுக்கிறேன். பணிப்பாளரும் படிப்பார். இதற்குப் பிறகு என்னைச் சோதனை நடத்த விடுவார்களோ தெரியாது. சரோஜா அக்கா அச்சில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது. நாளைக் காலையில் ஜிந்துப்பிட்டிக்குப் போய் அவர் முன்னால் இருந்து முதலில் அவரிடம் சொல்வேன். உங்கள் பிள்ளைகளும் கேட்கட்டும்.

அடுத்த விசாரணைக்கு என்னைக் கூப்பிடவில்லை. கூப்பிடாமலே போவேன் அண்ணா. கேளாமலே எழுந்து சொல்வேன். யார் உட்காரச் சொன்னாலும், சொல்லி முடிக்கும்வரை உட்கார மாட்டேன். அதுவரைக்கும்,

இன்னும் தேர்ச்சி பெறாத உங்கள் தங்கச்சி,
சுகந்தி