நாலாவது விரல்

அன்புள்ள சுண்டெலிக்கு,

அங்கே நீ நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கும் அப்படியே என்று வழக்கம்போல் எழுத இந்தத் தடவை கை வரவில்லை. போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அம்மா பக்கத்தில் வந்து நிற்கிறாள், அதனால் பட்டறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். உன்னைச் சேர்க்க வந்தபோது ஹாஸ்டல் வார்டன் என்னை உன் அண்ணன் என்று நினைத்தாரே, இப்போது வந்தால் தாத்தா என்பார். சுற்றி வளைக்க எனக்கு வராது. வாசிக்கும்போது அம்மாவின் வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தானாக உள்ளே மடங்குகின்றன. வலியில்லை, வீக்கமில்லை. தலை பின்னுகிறாள், காய் நறுக்குகிறாள், எல்லாம் சரி. பியானோவில் கை வைத்தால் மட்டும் சுருண்டுகொள்கிறது.

முதலில் நம்ம வீட்டுப் பியானோக் கட்டையெல்லாம் அமுக்கக் கனமா இருக்கு, கொஞ்சம் இளக்கிக் கொடுங்க என்றாள். பியானோ பழுது பார்ப்பதுதானே என் வேலை, இளக்கினேன். மறுபடியும் கனம் என்றாள், மறுபடியும் இளக்கினேன். கட்டை மேல் எடைக்கல் வைத்துப் பார்த்தால் அளவு சரியாகத்தான் இருந்தது, இருந்தும் எடைக்கல்லை நம்பாமல் பெண்டாட்டியை நம்பினேன், எல்லாப் புருஷனும் செய்கிறதுதான். இனி அந்தப் பியானோவில் இளக்க ஒன்றுமில்லை, இன்னும் கொஞ்சம் கை வைத்தால் அமுக்கிய கட்டை மேலே எழும்பாது. போன வாரம் வீட்டில் அம்மாவின் பியானோ வகுப்பு நடக்கும்போதே ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது என்று கழற்றப் போனேன். புதிதாகச் சேர்ந்த பொடிசுகள் வரிசையாக வந்து வாசித்தன. அத்தனையும் அந்த இரண்டு விரலையும் மடக்கிக்கொண்டு மீதி விரல்களால் தத்தித் தத்தி வாசிக்கின்றன. ஏன் கண்ணு விரலை மடக்குறே என்று ஒரு வாண்டிடம் கேட்டேன். டீச்சர் இப்படித்தான் வைப்பாங்க, உங்களுக்கு என்ன தெரியும் அங்கிள் என்றாள். சிரித்துக்கொண்டே திரும்பினால், அம்மா வலது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நிற்கிறாள். அப்போதுதான் என் மரமண்டைக்கு உறைத்தது.

டாக்டரிடம் போகலாம் என்றேன். நீங்க பியானோவுக்குத்தான் டாக்டர், எனக்கில்ல, போய் ஸ்க்ரூவை முடுக்குங்க என்றாள். நானே ஒரு நரம்பு டாக்டரைப் பார்த்துக் கேட்டேன். வாசிக்கிறவர்களுக்கு வருவதுதான், நிறுத்திவிட்டுச் சிகிச்சை எடுத்தால் சிலருக்குத் திரும்பும், முரண்டு பிடித்து வாசித்தால் கை மொத்தமாகப் போய்விடும் என்றார். அதைச் சொன்னதிலிருந்து இவள் இன்னும் அதிகமாக வாசிக்கிறாள். இதுக்கு ஒரு வியாதிப் பேரை வச்சுட்டா அப்புறம் நான் யாருங்க என்கிறாள். எனக்குக் கோபம்தான் வருகிறது, கத்திவிட்டுப் பட்டறைக்கு ஓடி வந்துவிடுகிறேன்.

வெள்ளிக்கிழமை அரங்கத்தில் அவள் தனி நிகழ்ச்சி. அங்கேயும் சுதி சேர்க்கிறவன் நான்தான் அல்லவா. நேற்று என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, மேடைப் பியானோ பழுது, நிகழ்ச்சி நடத்த முடியாதுன்னு மேனேஜர்கிட்ட சொல்லிடுங்க, உங்க கால்ல வேணா விழறேன் என்றாள். உன் அம்மாவா இப்படிப் பேசுகிறவள்? அந்தப் பியானோ ஒரு பழுதும் இல்லாமல் கல்லு மாதிரி இருக்கிறது. சரியான கருவியைப் பழுது என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. வாசிப்பை நிறுத்து என்று நான் சொன்னால் அவள் காதில் ஏறாது, நீ வாசிக்கிறவள், நீ சொல்லு. கோபப்படாதே, அழாதே, வாசிக்காட்டியும் நீ என் அம்மாதான் என்று மட்டும் சொல்லிப் பார். வியாழக்கிழமைக்குள் அவள் மனசு இறங்காவிட்டால் நான் போய்ப் பொய் சொல்லிவிடுவேன். சொல்லலாம். ஆனால் ஒரு பியானோவைப் பழுது என்று சொல்லலாம், உலகத்தில் இருக்கிற எல்லாப் பியானோவையுமா சொல்ல முடியும்?

வேளைக்குச் சாப்பிடு, குளிரில் கையுறை போடு. உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது, நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காதே, அம்மாவைக் கூப்பிடும் முன்னால் உன் பியானோவில் கையை வைத்துப் பார். நீயும் அவளிடம் கற்றவள்தான். நாலாவது விரல் நேராக நிற்கிறதா என்று முதலில் எனக்குச் சொல்.

உன் பதிலுக்காகப் பட்டறையிலேயே காத்திருக்கும்,
அப்பா